கேமராவுக்குத் தைத்த குல்லா

எந்த வழக்கைத் துப்பறிந்தாலும் முதலில் தன் காலைக் கேட்பது, அதன் பிறகே காதைக் கேட்பது என்பது அண்ணியின் மாறாத வழக்கம். சம்பவம் நடந்த இடத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடப்பார், அடிகளை எண்ணுவார். திரும்பி வரும்போதும் எண்ணுவார். இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போன பிறகுதான் சாட்சிகளிடம் வாயைத் திறப்பார். காப்பீட்டு நிறுவனத்துக்காக இருபத்திரண்டு ஆண்டுகள் விபத்து நடந்த சாலைகளை அளந்து பழகிய கால்கள் அவை. "மனுஷன் வாய் தூரத்தை நீட்டும், சுருக்கும். காலுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது" என்பார்.

ஊரே அவரை அண்ணி என்றுதான் அழைத்தது. அவருடைய உதவியாளர் கணவரின் தம்பி என்பதால், அந்தத் தம்பி அழைத்த முறையே வழக்குக் கொண்டுவருபவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. நாற்பதைத் தாண்டிய அந்தக் கொழுந்தனுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. யார் எதைச் சொன்னாலும் கடைசியில் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்க்காமல் விடமாட்டார் என்பதால் அவர் ‘தாளிப்பு’.

அன்று காலை ஒன்பது மணிக்கு இருவரும் ஆஸ்பத்திரிச் சாலையில் நடந்துகொண்டிருந்தார்கள். அந்தச் சாலையில் மூன்று மாதங்களுக்கு முன் இரண்டு கம்பங்களை நட்டு, ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு கேமராவை வைத்திருந்தார்கள். வண்டி முதல் கம்பத்தைக் கடந்த நேரத்தையும் இரண்டாம் கம்பத்தைக் கடந்த நேரத்தையும் அவை குறித்துக்கொள்ளும். இடையிலுள்ள தூரத்தை அந்த நேரத்தால் வகுத்தால் வேகம் கிடைத்துவிடும். மணிக்கு நாற்பது கிலோமீட்டரைத் தாண்டியவர் வீட்டுக்கு நோட்டீஸ் போகும்.

நோட்டீஸ்கள் மழைக்காலத்து ஈசல் போலக் கிளம்பின. ஊர் இரண்டாகப் பிரிந்தது. கேமரா இருக்க வேண்டும் என்று ஒரு பாதி, பிடுங்கி எறிய வேண்டும் என்று மறுபாதி. அன்று மாலை ஐந்து மணிக்கு நகர மன்றத்தில் பொதுக்கூட்டம். கையுயர்த்தி முடிவெடுப்பதாக ஏற்பாடு. இந்த நேரம் பார்த்துத்தான் யாரோ மூன்று நாட்களாக விடியற்காலையில் முதல் கேமராவுக்குக் குல்லா போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

"பழி யார் மேல?" என்று அண்ணி முதல்நாளே நகர மன்றச் செயலாளரிடம் கேட்டிருந்தார்.

"ஆஸ்பத்திரி வேன் டிரைவர் மேலதாங்க. மூணு நோட்டீஸ் வாங்கிட்டு அபராதம் கட்டமாட்டேன்னு அடம்பிடிக்கிறாரு. குல்லாவும் அவர் வேலைதான்னு நீங்க நிரூபிச்சீங்கன்னா, கூட்டத்துலயே லைசென்ஸை ரத்து பண்ணச் சொல்லிடுவோம்."

"அவர் பேரு?"

"ஊர்ல ஆமை அண்ணன்னு சொல்வாங்க."

அண்ணி அதைக் குறித்துக்கொண்டார். "ஆமைக்கு, வேகமா போனதுக்கு, மூணு நோட்டீஸ்" என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். செயலாளருக்கு அதில் வேடிக்கை எதுவும் தெரியவில்லை.

முதல் கம்பத்திலிருந்து நடைபாதை நேராகப் போய், பாதி வழியில் பெட்ரோல் பங்க்கின் வாசலில் திசை மாறியது. உள்ளே நுழையும் வண்டிகள் நடப்பவர்களை இடித்துவிடக் கூடாது என்று பாதையைப் பங்க்கின் பக்கச்சுவரோரம் உள்ளே கொண்டுபோய், பின்னால் சுற்றவிட்டு, மறுபக்கம் வெளியே கொண்டுவந்திருந்தார்கள்.

"டிக்கெட் வாங்காமலே பங்க்கைச் சுத்திக் காட்டுறாங்க அண்ணி. இன்னும் கொஞ்சம் விட்டா முதலாளி வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடுவாங்க" என்றார் தாளிப்பு.

"எண்ணும்போது பேசாதே."

இரண்டாம் கம்பத்தை அடைந்ததும் அண்ணி சொன்னார்: "எண்ணூத்தி நாற்பது." சிக்னலில் சாலையைக் கடந்து, எதிர்ப்பக்க நடைபாதை வழியாகத் திரும்பி, முதல் கம்பத்துக்கு நேரெதிரே வந்து நின்றார்கள். அண்ணியின் நெற்றி சுருங்கியது. "எழுநூறு."

"திரும்பி வரும்போது யாருக்கும் தூரம் குறைச்சலாத்தான் தெரியும் அண்ணி. ஸ்கூல் விட்டு வந்த காலத்துலேர்ந்து எனக்கு அப்படித்தான்."

அண்ணி அங்கிருந்த நடைமேம்பாலத்தில் ஏறினார். முதல் கம்பம் அந்தப் பாலத்தை ஒட்டியே நின்றது. மேல்படியில் நின்று கையை நீட்டினால் கேமரா எட்டியது. மூன்றாவது குல்லா இன்னும் அதன் தலையில் இருந்தது. அண்ணி அதைக் கழற்றி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வெளியே மழைநீர் இறங்காத பச்சைத் துணி. உள்ளே கைக்குழந்தைக்குப் போர்த்துவது போன்ற மெத்தென்ற துணி. கேமராவின் வெயில் மறைக்கும் நெற்றிப் பட்டைக்கு ஓர் இடம், பின்னால் கம்பி வருவதற்கு ஓர் இடம். கழுத்தில் நாடா, ஒரு நுனியை இழுத்தால் அவிழ்ந்துவிடும் சுருக்கு.

"மாப்பிள்ளையை நிக்க வச்சு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு" என்றார் தாளிப்பு.

"அதைத்தான் நானும் பார்க்கிறேன். கீழே நின்னு அண்ணாந்து பார்த்துத் தைச்ச அளவு இல்லை இது. உள்ளே மெத்துத் துணி எதுக்கு?"

"கேமராவுக்குக் குளிருமேன்னு."

"கண்ணாடியில கீறல் விழக் கூடாதுன்னு. இதைப் போட்டவருக்குக் கேமரா மேல கோபம் இல்லைப்பா, கரிசனம் இருக்கு."

கேமராவை எதிர்த்தவர்களின் தலைவர் பங்க்கை அடுத்த கொட்டகையில் லாரிகள் வைத்திருந்தார். வாயைத் திறந்தால் நான்கு தெருவுக்குக் கேட்கும் என்பதால் அவருக்கு ‘ஹாரன்’ என்று பெயர். குல்லாவைக் காட்டியதும் அவர் முகத்தில் அருவருப்பே தோன்றியது.

"நான் செஞ்சிருந்தா ஊசி நூல் வச்சுக்கிட்டா உட்கார்ந்திருப்பேன்? கம்பத்தோட புடுங்கி அந்தச் செயலாளர் வாசல்ல நட்டிருப்பேன். எழுபத்திரண்டுல போனேன்னு எனக்கே நோட்டீஸ் அனுப்பியிருக்காங்க. எனக்கு."

அவர் சொன்னதை அண்ணி அந்த இடத்திலேயே நம்பினார். வெறுப்பவன் கல்லைத் தேடுவான், ஊசியைத் தேடமாட்டான்.

ஆமை அண்ணன் ஆஸ்பத்திரி முற்றத்தில் வேனின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது. துடைப்பதில்கூட அவசரம் இல்லை.

"வாங்க அண்ணி. விலங்கு கொண்டாந்திருக்கீங்களா, கயித்துலதான் கட்டப் போறீங்களா?"

"ஆமையை எதுக்குக் கட்டணும்? ஓடவா போகுது?" என்றார் தாளிப்பு.

"ஓடுச்சுன்னுதானே மூணு தடவை எழுதி அனுப்பியிருக்காங்க." அவர் துணியைப் பிழிந்து உதறினார். "ரத்தம் சுத்திகரிச்சுட்டு வர்றவங்க, இடுப்பு ஒடிஞ்சவங்க, இவங்களைத்தான் நான் ஏத்துறேன். வண்டி ஒரு பள்ளத்துல குதிச்சா அவங்க முகத்தைப் பார்க்க முடியாது. முப்பத்தாறுக்கு மேல என் வண்டியில முள்ளு ஏறினதில்லை. பின்னாடி வர்றவன் என்னைத் திட்டுற திட்டையெல்லாம் எழுதி வச்சிருந்தா, அதையே சாட்சியா கொடுத்திருப்பேன்."

"ஒத்துக்கிட்டா பாதி அபராதத்தோட விடுறாங்களாமே?"

"செயலாளர் நேத்துகூட பேனாவை நீட்டினாரு. செய்யாத தப்புக்கு என் கை கையெழுத்துப் போடாது அண்ணி. லைசென்ஸ் போகட்டும், இந்த வண்டி போகட்டும். நாளைக்கு இதைத் தள்ளிக்கிட்டுப் போய்க்கூட இவங்களை வீட்டுல விடுவேன்."

"குல்லா?"

"நான் ஏன் அதோட கண்ணை மூடணும்? அது என்னை நல்லாப் பார்க்கட்டும்னுதானே நெஞ்சை நிமிர்த்திக்கிட்டுப் போறேன்."

அண்ணி மூன்று நோட்டீஸ்களையும் வாங்கிப் பார்த்தார். மூன்றிலும் இரண்டு கம்பங்களையும் கடந்த நேரம் அச்சாகியிருந்தது; அடியில் ஒப்புதல் கையெழுத்துக்கான கோடு காலியாக இருந்தது. இடைவெளி ஐம்பது நொடி. வேகம் நாற்பத்துமூன்று. மூன்றும் செவ்வாய்க்கிழமை.

"செவ்வாய்க்கிழமை யாரை ஏத்துறீங்க?"

"சர்வேயரம்மா பொண்ணை. காலுக்குப் பயிற்சி கொடுக்கணும். மத்த நாள்ல எனக்கு வேற பாதை."

சர்வேயரம்மாவை ஊரில் அறியாதவர் இல்லை. நகர மன்றத்தின் நில அளவையாளர். ஏழு ஆண்டுகளுக்கு முன், அதே ஆஸ்பத்திரிச் சாலையில், பள்ளிவிட்டு வந்த அவருடைய மகளை ஒரு கார் தூக்கி எறிந்தது. அன்றிலிருந்து வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி, மன்றத்தின் வாசலில் வெயிலில் உட்கார்ந்து, அந்தக் கேமராவைக் கொண்டுவந்துவிட்டுத்தான் ஓய்ந்தவர் அவர்.

அண்ணி ஒரு நோட்டீஸின் பின்புறத்தில் நான்கு வரி கணக்கெழுதினார். எழுதியதை இரண்டுமுறை சரிபார்த்தார்.

"கிளம்புப்பா. இந்தக் குல்லாவைத் தைச்ச கையைப் பார்க்கப் போகலாம்."

"தையல்காரர் கடைக்கா?"

"இல்லை. அளக்கிறவங்க அறைக்கு."

நகர மன்றத்தின் பின்கட்டில் இருந்தது அந்த அறை. சுருட்டிய வரைபடங்கள் அலமாரியில் கரும்புக்கட்டு போல அடுக்கியிருந்தன. மூலையில் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பூசிய அளவுகோல். அதனருகே கைப்பிடியுடன் கூடிய ஒற்றைச் சக்கரம். உருட்டிக்கொண்டு நடந்தால் மீட்டர் கணக்கைத் தானே காட்டும் சக்கரம் அது. சன்னலோரம் முக்காலியின் மேல் நில அளவைக் கருவி நின்றது. அதன் தலையில் ஒரு குல்லா. பச்சைத் துணி, உள்ளே மெத்துத் துணி, இழுத்தால் அவிழும் சுருக்கு.

தாளிப்பு முதன்முறையாகச் சொல்ல ஒன்றும் கிடைக்காமல் நின்றார்.

அண்ணி கையிலிருந்த குல்லாவை மேசைமேல் வைத்தார். சர்வேயரம்மா அதைப் பார்த்தார், சன்னலோரத்தைப் பார்த்தார், பிறகு நாற்காலியைக் காட்டினார்.

"உட்காருங்க. மறைச்சு வச்சிருக்கலாம். ஏனோ கை வரலை."

"ஒரு கதை சொல்றேன்" என்றார் அண்ணி. "ஒரு குளத்துல ஒரு கொக்கு. எப்பவோ தண்ணியில பட்ட காயம், அதுக்கப்புறம் தண்ணியில காலே வைக்காது. ஒருநாள் குளத்தோட அகலத்தை அளக்கச் சொன்னாங்க. கொக்கு கரையோரமாவே சுத்தி நடந்து அளந்து எழுதி வச்சுச்சு. அப்புறம் ஒரு மீன் குறுக்கால நீந்தி அந்தக் கரைக்கு வந்துச்சு. கொக்கு கணக்குப் பார்த்துட்டு, ‘இவ்வளவு சீக்கிரம் வர முடியாது, நீ பறந்துதான் வந்திருக்கே’ன்னு மீனைப் பிடிச்சு வச்சுக்கிச்சு."

"மீனைப் பிடிக்கக் கொக்கு இவ்வளவு கணக்கா போடும்?" என்றார் தாளிப்பு, குரல் திரும்பக் கிடைத்தவராக.

சர்வேயரம்மா சிரிக்கவில்லை. "கரையில நடன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்த கொக்கு அது. ஏழு வருஷமா நான் அந்த ரோட்டுல இறங்கினதில்லை அண்ணி. நடைமேம்பாலம், நடைபாதை, அவ்வளவுதான். சக்கரத்தை உருட்டும்போதும் கால் தானா நடைபாதையில போயிடுச்சு. பங்க்குக்குப் பின்னாடி சுத்தறோம்கிற நினைப்பே எனக்கு வரலை."

"உள்ளே போக ஐம்பது மீட்டர், வெளியே வர ஐம்பது. சாலை ஐந்நூறு மீட்டர்தான். நீங்க அறுநூறுன்னு எழுதிட்டீங்க. ஆமை அண்ணன் நொடிக்குப் பத்து மீட்டர் போறாரு. ஐம்பது நொடிக்கு ஐந்நூறு, அது முப்பத்தாறு கிலோமீட்டர் வேகம். மிஷினோ ஐம்பது நொடியில அறுநூறு மீட்டர் ஓடிட்டாருன்னு நினைச்சு நாற்பத்துமூணுன்னு எழுதுது. அந்தப் பக்கம் எனக்கு எண்ணூத்தி நாற்பது அடி, இந்தப் பக்கம் எழுநூறு. என் கால் காலையிலேயே சொல்லிடுச்சு. எனக்குத்தான் மதியம் வரைக்கும் புரியலை. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நாலு நாளைக்கு முன்னாடி என் பொண்ணு அந்த நோட்டீஸோட நகலை வாங்கிட்டு வந்தா. ‘அம்மா, இந்த வண்டியில நான் இருந்தேன்’னா. அதுக்கு மேல அவ ஒண்ணும் சொல்லலை." சர்வேயரம்மா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்குச் சாயங்காலமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா சொன்னா என்ன ஆகும்? ஹாரன் கையில நானே கடப்பாரையைக் கொடுத்த மாதிரி ஆகும். மூணு மாசமா அந்த ரோட்டுல ஒருத்தரும் அடிபடலை. ஒரு குழந்தைகூட. கூட்டம் முடியட்டும், அப்புறம் திருத்தி எல்லா நோட்டீஸையும் ரத்து பண்ண வைக்கலாம்னு நினைச்சேன். அதுவரைக்கும் அது இன்னொருத்தர் மேல பொய் சொல்லிடக் கூடாதுன்னுதான் கண்ணைப் பொத்தினேன்."

"புதுப் பொய்யைத்தான் பொத்தினீங்க. பழைய பொய் நடந்துக்கிட்டுத்தானே இருக்கு? அஞ்சு மணிக்கு அந்த மனுஷனோட லைசென்ஸ் போயிடும்."

"சாட்சி இல்லாம எப்படிப் பிடுங்குவாங்க?"

"அந்தச் சாட்சியைத் தேடத்தான் எனக்குக் கூலி." அண்ணி எழுந்தார். "அஞ்சு மணிக்கு நான் ஒரு பேரைச் சொல்லியாகணும். நீங்க நாலு அம்பத்தொன்பதுக்குச் சொல்லிட்டா எனக்கு வேலை மிச்சம்."

வெளியே வந்ததும் தாளிப்பு கேட்டார்: "சொல்லுவாங்களா அண்ணி?"

"கருவிக்குப் போட்ட குல்லாவை ஒளிச்சு வைக்கலையே. பாதி சொல்லியாச்சு."

கூட்ட அரங்கில் மின்விசிறிகள் சுழன்றும் காற்று நகரவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள் போதாமல் சுவரோரம் நின்றார்கள். செயலாளர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "முதல் விஷயம், கேமராவை மூடினது யாருன்னு..." என்று தொடங்கி அண்ணியை நோக்கினார். அண்ணி எழுவதற்குள் மேடைக்குக் கீழே முதல் வரிசையில் ஒருவர் எழுந்துவிட்டார்.

"நான்" என்றார் சர்வேயரம்மா.

அவர் ஒலிபெருக்கியை வாங்கவில்லை. குல்லாவையும் சொன்னார், சக்கரத்தையும் சொன்னார், பங்க்கின் பின்புறத்தையும் சொன்னார். குரல் ஓரிடத்திலும் தாழவில்லை. "தப்பு கேமராவோடது இல்லை. என் காலோடது. எனக்கு என்ன தண்டனை கொடுக்கணுமோ கொடுங்க. ஆனா கம்பத்துல யாராவது கை வச்சா, முதல்ல என்னைத் தாண்டிப் போகணும்."

ஹாரன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "கேட்டுக்கிட்டீங்களா? பொய் கேமரா. இத்தனை நாள் நாங்க கத்தினது உண்மைதானே? புடுங்குங்க அதை. என் எழுபத்திரண்டும் பொய்."

"ஆமாம், பொய்தான்" என்றார் அண்ணி உட்கார்ந்தபடியே. "சரியா அளந்தா அறுபது. எல்லை நாற்பது."

அரங்கின் பின்வரிசை சிரித்தது; சிரிப்பு முன்வரிசைக்கு வர அதிக நேரம் ஆகவில்லை. அது அடங்குவதற்குள் சுவரோரம் நின்றிருந்த ஆமை அண்ணன் பேசினார். வழக்கம்போல மெதுவாகத்தான்.

"அந்தக் கேமரா மூணு தடவை பொய் சொன்னது என்னைப் பத்தி. அதைப் புடுங்கணும்னு யாருக்காவது உரிமை இருந்தா எனக்குத்தான் முதல் உரிமை. நான் சொல்றேன், புடுங்க வேண்டாம். தராசு தப்புன்னா படிக்கல்லைச் சரிபார்ப்போமே தவிர, தராசை உடைச்சுட்டு அவனவன் கைக்கு வந்ததை அள்ளிக்கிட்டுப் போக மாட்டோம். சரியா அளங்க. அப்புறம் அது என்னைப் பார்க்கட்டும். நானும் அதைப் பார்க்கிறேன்."

"நாளைக்கு அளந்து, அறிக்கை தயார் பண்ணி..." என்றார் செயலாளர்.

"நாளைக்கு எதுக்கு? ரோடு வெளியிலதானே கிடக்கு" என்றார் ஆமை அண்ணன்.

ஐந்தே முக்காலுக்கு, மாலை வெளிச்சம் மிச்சம் இருக்கும்போதே, அரங்கில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஆஸ்பத்திரிச் சாலையின் இரு பக்கமும் வரிசையாக நின்றார்கள். சர்வேயரம்மா ஒற்றைச் சக்கரத்துடன் முதல் கம்பத்தடியில், நடைபாதையின் விளிம்பில் நின்றார். விளிம்புக்கும் சாலைக்கும் ஒரு சாண் உயரம்தான். அவருடைய கால் அங்கேயே நின்றது.

ஆமை அண்ணன் வேனைக் கொண்டுவந்து சாலையின் குறுக்கே சாய்வாக நிறுத்தி, பின்னால் வரும் வண்டிகளை மறித்தார். நான்கு விளக்குகளும் விட்டு விட்டு எரிந்தன. சன்னல் வழியே தலையை நீட்டினார்.

"இறங்குங்கம்மா. பின்னாடி நான் வர்றேன். என்னைத் தாண்டி ஒரு சைக்கிள்கூட வராது."

வேனுக்குள்ளிருந்து ஊன்றுகோலைப் பிடித்த ஒரு கை சன்னலில் தெரிந்தது. அந்தப் பெண் அம்மாவைக் கூப்பிடவில்லை, பார்த்துக்கொண்டிருந்தாள்.

சர்வேயரம்மா இறங்கினார். சக்கரம் தாரில் உருண்டது. பத்தடி பின்னால் வேன் ஊர்ந்தது.

"பேருக்கேத்த வேகத்துல இன்னைக்குத்தான் போறாரு" என்றார் தாளிப்பு. நடைபாதையில் இணையாக நடந்தபடி அடிகளை எண்ணிக்கொண்டிருந்த அண்ணி, பங்க்கின் வாசல் வந்ததும் பின்னால் சுற்றாமல் தானும் சாலையில் இறங்கினார்.

இரண்டாம் கம்பத்தடியில் சக்கரம் நின்றது. சர்வேயரம்மா குனிந்து எண்ணைப் பார்த்து, இரு பக்கமும் கேட்கும்படி வாசித்தார்.

"ஐந்நூறு."

பிறகு வேனின் சன்னலருகே போய்க் கையை நீட்டினார். "அந்த மூணு நோட்டீஸையும் கொடுங்க."

ஆமை அண்ணன் கொடுத்தார். அவர் அவற்றை வேனின் முன்பக்கத்தில் பரப்பி, ஒவ்வொன்றின் குறுக்கேயும் எழுதினார்: ‘தூரம் தவறு. ஓட்டுநர் குற்றமற்றவர். தவறு என்னுடையது.’ மூன்றிலும், ஆமை அண்ணன் போட மறுத்த அதே கோட்டின் மேல், தன் கையெழுத்தைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.